ரங்கமணியின் காலடித் தடம்

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் நானும் ரங்கமணியும் ஒரே விஷயத்தை ஒரே நேரத்தில் ரசித்தது எனக்குத் தெரிந்து இரண்டே தடவை. இரண்டுமே பக்கத்து வீட்டுச் சண்டை. இப்படிப்பட்ட ஜோடி, காலில் நீளப் பலகை மாட்டிக்கொண்டு பனியில் வழுக்குகிற ஸ்கீயிங்குக்குச் சேர்ந்து போகத் திட்டம் போட்டால் என்ன ஆகும் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன், அது வேறு விஷயம்.

மூன்று குளிர்காலமாக எனக்குக் கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங் பைத்தியம். ரங்கமணிக்கோ ஃப்ரிட்ஜைத் திறந்தாலே தும்மல் வரும். இத்தனை நாளும் நான் தோழிகளோடு போய்வந்தேன், அவர் போர்வைக்குள் இருந்தார், குடும்பம் சுமுகமாக ஓடியது. இந்த வருஷம் எனக்குத்தான் நாக்கில் சனி. "நாலு நாள், நாம ரெண்டு பேர் மட்டும், சுத்தியும் பனி, ஒரே அமைதி..." என்று ஆரம்பித்துத் தொலைத்தேன்.

"மலை உச்சியிலேருந்து பறந்து வருவாங்களே, அதுவா?"

"அது டவுன்ஹில். இது காட்டுக்குள்ள போறது. குதிகால் பலகையோட ஒட்டியிருக்காது, முன்பாதம் மட்டும்தான் மாட்டும். ஒரு காலால உந்தி இன்னொரு காலால வழுக்கிட்டே போகணும்."

"மேடு வந்தா லிஃப்ட் இருக்குமா?"

"இல்லை. நாமதான் ஏறணும்."

"அதுக்குக் காசு வேற குடுக்கணுமா?"

பல இடங்களில் தடத்துக்குக் கட்டணம் உண்டு. அதை அந்த நேரத்தில் நான் சொல்லவில்லை.

சரித்திரம் என்றால் மனிதர் உருகிவிடுவார். எனவே அந்த வாசல் வழியாக நுழைந்து பார்த்தேன். 1206-இல் நார்வேயில் உள்நாட்டுப் போர். ஹாக்கோன் என்ற கைக்குழந்தைதான் அரச வாரிசு. பிர்க்கெபைனர் கட்சியைச் சேர்ந்த இரண்டு வீரர்கள் அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பனிமலையை ஸ்கீயிலேயே கடந்து காப்பாற்றினார்கள். அது வளர்ந்து ராஜாவும் ஆயிற்று. அதன் நினைவாக ரேனாவிலிருந்து லில்லஹாமர் வரை 54 கிலோமீட்டர் பந்தயம் நடக்கிறது. குழந்தைக்குப் பதிலாக முதுகில் 3.5 கிலோ பை சுமந்துகொண்டு ஓடுவது அந்தப் பந்தயத்தின் மரபு.

"குழந்தைக்கு அப்போ என்ன வயசு?"

"ஒன்றரை இருக்கும்."

"ஒன்றரை வயசுக் குழந்தை மூணரைக் கிலோவா? பாவம், சரியாச் சோறு போடலை போல."

விடுவேனா. அடுத்து சுவீடன் கதையை எடுத்தேன். 1520-21 குளிர்காலத்தில் டென்மார்க் ராஜாவின் ஆட்களுக்குப் பயந்து, பின்னாளில் சுவீடன் ராஜாவான குஸ்தாவ் வாசா நார்வே பக்கமாக ஓடியதும், முதலில் கைவிட்ட மூரா ஊர்க்காரர்கள் மனசு மாறி, நன்றாக ஸ்கீ ஓட்டுகிற இரண்டு பேரை அனுப்பி அவரைத் திருப்பி அழைத்துவந்ததும். அதை வைத்து 1922-இல் தொடங்கிய வாசாலொப்பெட் பந்தயம் இன்றும் 90 கிலோமீட்டர் நடப்பதும், வழியில் சூடாகப் புளூபெர்ரி சூப் தருவதும் எல்லாம் சொன்னேன்.

ரங்கமணி யோசித்தார். "அந்த சூப்பை 90 கிலோமீட்டர் போகாதவங்களுக்குத் தர மாட்டாங்களா?" பிறகு இன்னும் கொஞ்சம் யோசித்தார். "ரெண்டு கதையிலயும் ஒண்ணு கவனிச்சியா? உயிருக்குப் பயந்து ஓடறாங்க. யாராவது லீவு போட்டுட்டுப் போனாங்களா?"

எனக்கு வாயடைத்துவிட்டது. ஆனாலும் கடைசியில் சம்மதித்தார். ஏன் சம்மதித்தார் என்று இன்றுவரை தெரியாது. இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் கேட்டேன், அவ்வளவுதான்.

என் முதல் திட்டத்தை நினைத்தால் எனக்கே இப்போது கூச்சமாக இருக்கிறது. காட்டுக்கு நடுவே ஒரு மரவீடு. வண்டிப் பாதை கிடையாது. கடைசி 8 கிலோமீட்டர் ஸ்கீயில்தான் போக வேண்டும். படத்தில் கூரை மேல் ஒரு முழம் பனி, ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம். ஆஹா என்று காட்டினேன்.

"நான் எப்படி அங்க வருவேன்?"

அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் வெட்கக்கேடு. சமாளிக்கவேண்டி, "புல்க்னு ஒண்ணு இருக்கு. இடுப்புல கட்டி இழுத்துட்டுப் போற சின்ன வண்டி. சாமான் வைப்பாங்க, குழந்தைங்களையும் வைப்பாங்க" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான் எண்பத்தி நாலு கிலோ. மேட்டுல இறங்கிக்கட்டுமா?"

பிறகுதான் ஒழுங்காகத் தேட உட்கார்ந்தேன். ஸ்கீ தெரியாதவரைக் கூட்டிக்கொண்டு டவுன்ஹில் இடத்துக்குப் போவது சுலபம். அங்கே அடிவாரத்தில் ஒரு ஊரே இருக்கும், லிஃப்டில் சும்மா உச்சிக்குப் போய் வேடிக்கை பார்க்கலாம். கிராஸ் கன்ட்ரிக்கு நல்ல தடம் எங்கே இருக்கும்? ஆளரவம் இல்லாத இடத்தில். ஸ்கீ தெரிந்தவருக்கு எது சொர்க்கமோ அங்கே தெரியாதவருக்கு இருப்பது மரங்கள், அவற்றுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் மரங்கள். டிசம்பரிலும் பிரச்சினை: வடக்கே போகப் போக மதியச் சாப்பாடு முடிவதற்குள் இருட்டிவிடும். அதனால் மார்ச் என்று முடிவு செய்தேன். பகல் நீளம், வெயிலும் கொஞ்சம் அடிக்கும், பனியும் நன்றாகப் படிந்திருக்கும். தடம் வாசலிலேயே தொடங்குகிற ஒரு சின்ன விடுதி கிடைத்தது. ஹீட்டர் உண்டு, உட்கார்ந்து வியர்க்கிற சூட்டறையான சானா உண்டு.

"நான் போயிட்டு வர வரைக்கும் நீங்க ஜன்னல் ஓரமா உட்கார்ந்து புத்தகம் படிக்கலாம்" என்றேன், பெரிய வரம் கொடுக்கிற தொனியில்.

"நாலு நாளும்?"

"ரெண்டு புத்தகம் எடுத்துக்கோங்க."

பெட்டி கட்டியதிலும் சொதப்பினேன். ஸ்கீ ஓட்டினால் பத்து நிமிஷத்தில் முதுகில் வியர்வை வழியும். அதனால் கிளம்பும்போது லேசாகக் குளிர்கிற அளவுக்குத்தான் உடுத்த வேண்டும், பருத்தி ஈரமானால் காயாது என்பதால் அதைத் தொடவே கூடாது என்றெல்லாம் எனக்குப் பாடம். அதே பாடப்படி அவருக்கும் மெல்லிசாக மூன்று அடுக்கு வைத்தேன். வாசலில் நின்று வழியனுப்புகிறவருக்கு வியர்வை எங்கிருந்து வரும்? முதல் நாள் நான் கிளம்புவதைப் படம் எடுக்க வெளியே வந்தவர், ஐந்தாவது நிமிஷம் தந்தியடிக்கிற பல்லோடு உள்ளே போனார். செல்போனும் குளிரில் அணைந்துபோய்விட்டதாம். "அதுக்கு இருக்கிற அறிவு எனக்கு இல்லை" என்றார்.

அன்று இரவு ஒரு அதிசயம். ஸ்கீக்கு மெழுகு பூசப் பெட்டியைத் திறந்தேன். பச்சை, நீலம், ஊதா, சிவப்பு என்று குட்டிக் குட்டி டப்பா. "என்ன இது, லிப்ஸ்டிக்கா?" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கடுங்குளிருக்குப் பச்சை, அதற்கடுத்து நீலம், பூஜ்ஜியத்தை நெருங்கினால் ஊதா, பனி ஈரமாகிவிட்டால் சிவப்பு. உந்தும்போது பிடிக்கவும் வேண்டும், வழுக்கும்போது விடவும் வேண்டும், அதனால் பலகையின் நடுப்பகுதியில் மட்டும் பூச வேண்டும் என்று விளக்கினேன். நடுப்பகுதி வில் மாதிரி வளைந்திருக்கும், மொத்த எடையையும் ஒரே காலில் போட்டால்தான் பனியைத் தொடும். அதைக் கேட்டதும் ரங்கமணிக்குள் தூங்கிக்கொண்டிருந்த எஞ்சினீயர் எழுந்துவிட்டார். பலகையைக் கீழே வைத்து அடியில் காகிதம் விட்டு இழுத்துப் பார்த்தார், என்னை ஒற்றைக் காலில் ஏறி நிற்கச் சொன்னார், பென்சிலால் குறித்தார், கார்க்கால் தேய் தேய் என்று தேய்த்தார். பழைய பனிக்கட்டித் தடத்துக்குப் பயன்படுத்துகிற கிளிஸ்டர் ட்யூபையும் விடவில்லை. அது பலாப்பிசினுக்கு அண்ணன். அவர் விரலிலிருந்து கதவுப்பிடிக்கு, கதவுப்பிடியிலிருந்து என் தலைமுடிக்கு, அங்கிருந்து தலையணைக்கு. பதினொன்றரை மணிக்குத் திட்டிக்கொண்டே துடைத்துக்கொண்டிருந்தோம். யோசித்துப் பார்த்தால், அது மூன்றாவது தடவை.

மறுநாள் காலை ஏழு மணி. ராத்திரி இயந்திரம் ஓட்டிப் பனியை அழுத்தி, இரண்டு இணையான பள்ளம் கீறிவிட்டுப் போயிருந்தது. ராத்திரிக் குளிரில் இறுகி, யார் பலகையும் படாமல் அந்தத் தடம் கிடந்த அழகை என்ன சொல்ல. தூங்குகிறவரிடம் "ஒரு மணி நேரத்துல வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஸ்கீக்காரர்களின் ஒரு மணி நேரம் என்பது சலூன்காரர் சொல்கிற ஐந்து நிமிஷம். ஒரு சுற்று 6 கிலோமீட்டர். முடித்துவிட்டு விடுதி வாசலுக்கு வந்தேன், நின்றேன், மெழுகு அப்படிப் பிடித்தது, இன்னும் ஒரே ஒரு சுற்று என்று உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் திரும்பவும் போனேன்.

கொஞ்ச தூரத்தில் தடத்தில் ஓட்டைகள். இடது பள்ளத்தில் ஒன்று, வலது பள்ளத்தில் ஒன்று. முதல் சுற்றில் இல்லை. யாரோ பூட்ஸ் காலோடு தடத்திலேயே நடந்து போயிருக்கிறார்கள். ஸ்கீ தடத்தில் நடப்பது, அப்போதுதான் சிமென்ட் பூசிய தரையில் நடப்பது மாதிரி. ஒவ்வொரு அடியும் குழியாகி இறுகிவிடும், அன்றைக்கு வருகிற அத்தனை பேருக்கும் தொல்லை. "எந்தக் கழுதை..." என்று தொடங்கி அந்தக் கழுதையின் வளர்ப்பு, படிப்பு, பெற்றோர் வரைக்கும் வாய்விட்டே விசாரித்துக்கொண்டு போனேன். பிறகு ஒரு குழியை உற்றுப் பார்த்தேன். அச்சு தெளிவாக விழுந்திருந்தது: கட்டம் கட்டமாக வரி, நடுவில் ஒரு நட்சத்திரம்.

வழுக்காது என்று நானே நாலு கடை ஏறி இறங்கி வாங்கிக் கொடுத்த பூட்ஸ்.

அந்த அதிர்ச்சியில் சரிவு தொடங்கியதைக் கவனிக்கவில்லை. பலகை நுனி ஒரு குழியில் இறங்கியது. அப்புறம் வானம் தெரிந்தது.

சரிவுக்குக் கீழே வளைவில் ஒரு பெஞ்சு, அதில் ரங்கமணி. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர எழுந்து வந்தார். "ரொம்ப நேரமா ஆளைக் காணோமேன்னு தேடி வந்தேன். அருமையாக் கோடு போட்டு வெச்சிருக்காங்கம்மா. இடது காலுக்கு ஒண்ணு, வலது காலுக்கு ஒண்ணு. நடக்கத் தோதா இருக்கு!"

கோபப்பட நினைத்தேன். தேடி வந்தவரிடம் எப்படிக் கோபப்படுவது? அதுவும் வாசல் வரை வந்துவிட்டுச் சொல்லாமல் திரும்பிப் போனவள் நான். மேலும், படுத்த நிலையில் கோபம் எடுபடாது. ஸ்கீயோடு விழுந்தால் சும்மா எழ முடியாது. மல்லாந்து உருண்டு, இரண்டு காலையும் வானத்தைப் பார்த்துத் தூக்கி, பலகைகளைச் சிக்கெடுத்து இணையாக்கி, பக்கவாட்டில் சாய்ந்து, மண்டி போட்டு எழ வேண்டும். கவிழ்ந்த கரப்பான்பூச்சி செய்வதேதான். உதவுகிறேன் பேர்வழி என்று கையைப் பிடித்து இழுத்த ரங்கமணி, நின்றுகொண்டிருந்தது என் பலகையின் மேல்.

அந்த நேரம் பார்த்து வயதான ஸ்கீக்காரர் ஒருவர் வந்தார். குழிகளைப் பார்த்தார். ரங்கமணியின் பூட்ஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் சுற்றிக்கொண்டு போனார். திட்டியிருந்தால் தேவலை.

முழங்காலில் நல்ல வீக்கம். மூன்றாம் நாள் ஸ்கீ கிடையாது என்றாகிவிட்டது. விடுதிக்காரம்மாவிடம் ரங்கமணி என்னவோ பேசிவிட்டு, வாசலில் ஒரு விசித்திர வண்டியோடு வந்து நின்றார். இரண்டு நீளமான இரும்புச் சட்டம், மேலே ஒரு நாற்காலி, பின்னால் பிடி. கிக் ஸ்லெட். நார்டிக் நாடுகளில் வயதானவர்கள்கூட இதை வைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்வருவார்கள். ஒருவர் உட்கார, மற்றவர் பின்னால் ஒரு சட்டத்தில் ஒரு காலை ஊன்றி மறு காலால் பனியை உதைத்துக்கொண்டே போக வேண்டும். வண்டிப் பாதையில் ஓட்டலாம், தடத்தைக் கெடுக்காது. இதை அவர் என்னிடம் இரண்டு தடவை அழுத்திச் சொன்னார்.

போர்வை சுற்றி என்னை உட்காரவைத்துப் பிடித்தார் பாருங்கள் ஒரு வேகம். ஃப்ரிட்ஜைத் திறந்தால் தும்முகிற மனுஷனா இது? பத்து நிமிஷத்தில் குல்லாவைக் கழற்றினார், அடுத்து மேல்கோட்டின் ஜிப்பை இறக்கினார். எனக்குத்தான் நாற்காலியில் பல் தந்தியடித்தது. இரண்டு கிலோமீட்டர் கழித்து ஒரு மேடு வந்தது. வண்டி திணறியது. காதருகே குரல்:

"மேட்டுல இறங்கிக்கிறியா?"

வீடு திரும்பி முழங்கால் வீக்கம் வடிவதற்குள்ளேயே ஒரு நாள் மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்தார். அடுத்த வருஷத் திட்டமாம். அவராகவே! திரையில் ஆஸ்லோ வரைபடம். ஒன்றாம் நம்பர் மெட்ரோவில் ஸ்கீயோடு ஏறிக் கடைசி நிறுத்தமான ஃப்ரோக்னர்செட்டெரெனில் இறங்கினால் எனக்கு நூர்மார்க்கா காட்டுத் தடங்கள். அதே நிறுத்தத்திலிருந்து அவருக்கு கோர்க்கெட்ரெக்கரென் என்ற சறுக்குவண்டிப் பாதை, இரண்டு கிலோமீட்டர். உட்கார்ந்தால் நேரே கீழே இன்னொரு மெட்ரோ நிறுத்தத்தில் கொண்டுபோய் விடும். அங்கே ரயிலேறினால் மறுபடி மேலே. இறங்கி, ஏறி, இறங்கி, ஏறி, நாள் பூராவும். அலுத்துப்போனால் வழியில் ஹோல்மென்கோலெனில் 1923-இல் திறந்த ஸ்கீ அருங்காட்சியகம். அந்தச் சரித்திரம் எல்லாம் அங்கே சூடான அறைக்குள்ளேயே கிடைக்கும்.

"பார்த்தியா," என்றார் வெற்றியோடு, "லிஃப்ட் இருக்கு. நீ ஒரு மணி நேரம்னு சொல்லிட்டு மூணு மணி நேரம் கழிச்சு வா. நான் கேக்கவே மாட்டேன்."

திரையில் ஒருவர் பனி தெறிக்க வளைவில் திரும்பிக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க எனக்கும் ஆசையாக இருந்தது. "ஒரு நாள் நானும் உங்க கூட அந்த வண்டியில வரட்டுமா?"

ரங்கமணி மடிக்கணினியை மெதுவாக மூடினார்.

"உனக்கு எதுக்கும்மா சிரமம்? ரெண்டு புத்தகம் எடுத்துக்கோ."