வாந்திக்கு மாத்திரை இருந்தது, முடிக்கு இல்லை

மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ என்றதும் நான் பயந்தது வாந்திக்குத்தான். பல வருடங்களுக்கு முன் எங்கள் தெருவில் ஒரு அக்கா சிகிச்சை எடுத்தபோது அவர் படும் அவஸ்தை வாசல் வரை கேட்கும். அந்தச் சத்தம்தான் என் மனதில் இருந்தது. முடியைப் பற்றி அவ்வளவாக யோசிக்கவே இல்லை. நடந்தது வேறு. வாந்திக்கும் வாய்ப்புண்ணுக்கும் மலச்சிக்கலுக்கும் காய்ச்சலுக்கும் மருந்து இருந்தது. வாயைத் திறந்து சொன்னால் கொடுத்தார்கள். முடிக்குத்தான் ஒன்றும் இல்லை. ஆனால் எல்லாரும் ரொம்பச் சாதாரணமாகப் பேசியதும் அதைப் பற்றித்தான். "முடிதானே, வளர்ந்துடும்" என்று சொல்லாதவர்கள் குறைவு. சிகிச்சைக்குப் போகும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். முடிக்காக அழுதால் அது அற்பமான அழுகை இல்லை. மற்ற எதையும் பல்லைக் கடித்துத் தாங்க வேண்டிய அவசியமும் இல்லை.

நான் தையல் வேலை செய்பவள். திருச்சிக்குப் பக்கத்தில் சின்ன ஊர். ஜாக்கெட், சுடிதார், பள்ளி யூனிஃபார்ம் எல்லாம் தைப்பேன். மார்பில் கட்டி, பயாப்சி, ஆபரேஷன் எல்லாம் முடிந்த பிறகு கீமோ என்றார்கள். முதலில் 21 நாளைக்கு ஒரு தடவை 'சிவப்பு மருந்து'. வார்டில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். அதன் பெயர் டாக்ஸோரூபிசின், கூடவே சைக்ளோஃபாஸ்ஃபமைடு. அது முடிந்ததும் வாராவாரம் பாக்லிடாக்ஸல். சிவப்பு மருந்து இதயத்தைப் பாதிக்கலாம் என்பதால் தொடங்கும் முன்பே எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுத்தார்கள். மருந்து ஏறிய பிறகு சிறுநீர் சிவப்பாகப் போகும், ரத்தம் என்று பயப்பட வேண்டாம் என்று நர்ஸ் முதலிலேயே சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தை எவ்வளவு உதவி என்பது வீட்டுக்குப் போய் பாத்ரூமில் நின்றபோதுதான் தெரிந்தது.

நரம்பு வழியாக ஏற்றும்போது மருந்து வெளியே கசிந்தால் சதையே புண்ணாகிவிடும். எனக்குக் கை நரம்பு சரியில்லை என்று கழுத்துப்பட்டை எலும்புக்குக் கீழே போர்ட் வைத்தார்கள். தோலுக்கு அடியில் வைக்கும் சின்ன டப்பி அது, ஊசியை அதில் குத்தித்தான் மருந்து ஏற்றுவார்கள். அதற்காகவே கழுத்து அகலமாக, முன்பக்கம் ஹூக் வைத்து நாலைந்து ஜாக்கெட் தைத்துக்கொண்டேன். மேல் ஹூக் ஒன்றைக் கழற்றினால் போதும், ஊசி குத்திவிடலாம். ஆண்கள் நடமாடும் வார்டில் அது பெரிய நிம்மதி.

வாந்தியைப் பற்றிச் சொல்கிறேன். அந்த அக்காவின் காலம் இப்போது இல்லை. முதல் நாள் 125 மில்லிகிராம், அடுத்த இரண்டு நாள் 80 மில்லிகிராம் என்று அப்ரெபிடன்ட் கேப்ஸ்யூல், அதோடு ஆன்டான்செட்ரான், டெக்ஸாமெத்தசோன். ராத்திரிக்கு ஓலன்சபைன் என்று ஒரு சின்ன மாத்திரை. அதை வாங்கப் போன மெடிக்கலில் இருந்தவர் சீட்டைப் பார்த்துவிட்டு, நாலு பேர் முன்னால், "இது மனநோய்க்குக் கொடுக்கிறதாச்சே, யாருக்கு?" என்று கேட்டார். கூனிக் குறுகிப் போனேன். அடுத்த முறை டாக்டரிடம் கேட்டேன். மனநோய்க்குக் கொடுக்கும் மருந்துதான், ஆனால் குறைந்த அளவில் குமட்டலை நன்றாக அடக்கும், மும்பை டாடா மெமோரியலில் 2.5 மில்லிகிராம் கொடுத்தே ஆய்வு செய்து பார்த்திருக்கிறார்கள் என்றார். சாப்பிட்டால் தூக்கம் வரும், அதுவும் நல்லதற்குத்தான். ஏனென்றால் டெக்ஸாமெத்தசோன் தூக்கத்தைக் கெடுக்கும். அந்த மாத்திரை எழுதப்பட்டவர்கள் யார் பேச்சையும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள்.

வாந்தி பெரும்பாலும் அடங்கியது. குமட்டல் மட்டும் வாசனையில் ஒளிந்துகொண்டிருக்கும். கடுகு தாளிக்கும் வாசம் வந்தால் போச்சு. அதனால் மருந்து ஏறிய முதல் சில நாட்கள் வீட்டில் தாளிப்பே கிடையாது. சூடான சாப்பாட்டில்தான் வாசனை அதிகம், ஆறிய பிறகு குறைவு. இட்லி, குழைய வடித்த சாதம், அரிசிக் கஞ்சி எல்லாம் ஆறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவை சாப்பிட்டேன். எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் குடித்தால் இரும்பு நக்கியது மாதிரி இருக்கும். கண்ணாடி டம்ளருக்கு மாறியதும் தண்ணீர் இறங்கியது.

ஆன்டான்செட்ரான் மலச்சிக்கல் தரும் என்பதை மட்டும் எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பெண்கள் இதை டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படுகிறோம். சொல்லுங்கள். லாக்டுலோஸ் சிரப் எழுதித் தருவார்கள். முக்கி முக்கி ஆசனவாயில் கீறல் விழுந்தால், ரத்த அணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் அது கிருமி நுழையும் வாசலாகிவிடும்.

வாய்ப்புண் எனக்கு மருந்து ஏறி ஒரு வாரம் போல வரும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா கலந்து வைத்து, சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும் கொப்பளித்தேன். கடையில் விற்கும் எரிச்சலான மவுத்வாஷ் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். குழந்தைகள் பிரஷ்தான் பல் தேய்க்க. அதற்கும் மீறி வலித்தபோது மரத்துப்போகும் ஜெல் கொடுத்தார்கள். அதைத் தடவிக் கொஞ்ச நேரம் விட்டுச் சாப்பிட்டால் விழுங்க முடிந்தது.

எல்லாவற்றிலும் விளையாடக் கூடாதது காய்ச்சல். 100.4 டிகிரி, அதாவது 38 டிகிரி செல்சியஸ் தொட்டால் எந்த நேரமாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். கேட்காமல் பாரசிட்டமால் போட்டால் காய்ச்சல் மறைந்துகொள்ளும், கிருமி உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும். மருந்து ஏறி ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் வரை வெள்ளை அணுக்கள் ரொம்பக் குறைந்திருக்கும். எனக்கு ஒரு ராத்திரி உடம்பு கதகதவென்றிருந்தது. தெர்மாமீட்டரில் 101. "விடியட்டும், பார்க்கலாம்" என்றார் மாமியார். வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளாமல் ஆட்டோ பிடித்தார். போனதும் ரத்தம் எடுத்தார்கள், ரிசல்ட் வரும் வரை காத்திருக்காமல் நரம்பில் ஆன்டிபயாட்டிக் ஏற்றினார்கள். வார்டில் சேர்ந்து தேறி வந்தேன். தெர்மாமீட்டரும் ஆஸ்பத்திரி அவசர நம்பரும் தலையணை பக்கத்திலேயே இருக்கட்டும்.

அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் மருந்து ஏறிய மறுநாள் அணுக்களைக் கூட்டும் ஊசி போட்டார்கள். இடுப்பிலும் முதுகெலும்பிலும் குடைகிற வலி. வலிக்கிறது என்றால் மருந்து எலும்பு மஜ்ஜையில் வேலை செய்கிறது என்று நர்ஸ் சொன்னார். அந்த வலிக்கும் மாத்திரை உண்டு, காய்ச்சல் இல்லை என்று பார்த்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

இனி முடி.

கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத் தேடி அடிக்கிறது. முடியின் வேரில் இருப்பதும் அப்படி வேகமாகப் பெருகும் செல்தான். அதனால் புற்றுநோய் செல்லோடு சேர்ந்து அதுவும் அடிபடுகிறது. சிவப்பு மருந்து எடுத்தால் அநேகமாக எல்லாருக்கும் இரண்டு மூன்று வாரத்தில் கொட்டிவிடும். தலையைக் குளிரவைத்து முடியைக் காப்பாற்றும் தொப்பி இருக்கிறது. அமெரிக்காவில் 2015-ல் மார்பகப் புற்றுநோய்க்கு அதை அனுமதித்தார்கள். ஆனால் சிவப்பு மருந்துக்கு அது அவ்வளவாகக் கைகொடுக்காது என்றார் டாக்டர். நான் போன இடத்தில் அந்த வசதியும் இல்லை.

முடி கொட்டும் முன் தலை வலிக்கும். தலைவலி இல்லை, தோல் வலி. பின்னலை அவிழ்த்தால் ஒவ்வொரு முடியின் அடியும் நோகும், தலையணையில் சாய முடியாது. ஒரு நாள் குளிக்கும்போது தண்ணீர் ஊற்றியதும் முடி கற்றையாகக் கையோடு வந்தது. வேர் பிடுங்கிய வலி துளியும் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. பாத்ரூம் தண்ணீர் போகும் குழியை அடைத்துக்கொண்டு நின்றது. இடுப்பு வரை இருந்த முடி. சின்ன வயதிலிருந்து அம்மா கரிசலாங்கண்ணித் தைலம் காய்ச்சித் தேய்த்து வளர்த்தது.

அண்ணியை வரச் சொன்னேன். பிளேடு வேண்டாம், வெட்டுப்பட்டால் கிருமி சேரும் என்று டிரிம்மரில்தான் எடுத்தோம். முதலில் கத்தரியால் பின்னலை வெட்டினார். "அழணும்னா அழுதுடு, நான் நிறுத்திக்கிறேன்" என்றார். அழுதேன். நிறுத்தினார். அப்புறம் தொடர்ந்தார். யாரும் தைரியம் சொல்லாமல் இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். அண்ணிக்கு நான் பட்டிருக்கும் கடன் அது.

எங்கள் பக்கம் மொட்டை என்றால் சமயபுரம் வேண்டுதல் என்றுதான் நினைப்பார்கள். பஸ்ஸில் ஒரு பாட்டி, "எந்தக் கோயில் வேண்டுதல்மா, சமயபுரமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இன்னொரு நாள் வேறொருவர் கேட்டபோது புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறேன் என்றேன். இரண்டும் சரிதான். யாருக்கு எதைச் சொல்வது என்பதை அன்றைக்கு உடம்பிலும் மனதிலும் இருக்கும் தெம்பைப் பொறுத்து நாமே முடிவு செய்துகொள்ளலாம். கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லும் கடமை நோயாளிக்குக் கிடையாது.

எனக்குத் தாங்காமல் போனது வேறு ஒன்று. ஒரு வளைகாப்பில் பூத் தட்டு சுற்றி வந்தது. என் முன்னால் வந்ததும் தட்டைப் பிடித்திருந்த பெண் என் தலைத்துணியைப் பார்த்தாள், கையில் எடுத்த சரத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டாள். கெட்ட எண்ணம் இல்லை, என்ன செய்வதென்று தெரியவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து என் துணித் தொப்பியின் பின்பக்கத்தில், புடவை கொக்கிக்குப் போடுவது போல நூலில் ஒரு கண்ணி தைத்தேன். அடுத்த விசேஷத்துக்கு நானே மல்லிகை வாங்கி அதில் மாட்டிக்கொண்டு போனேன்.

விக் வாங்கியும் பார்த்தேன். திருச்சி வெயிலில் அரை மணி நேரம் தாங்காது. உள்ளே வேர்த்து அரிக்கும். கல்யாணம், போட்டோ என்றால் போட்டுக்கொள்ளலாம்.

பாக்லிடாக்ஸல் தொடங்கிய பிறகு புருவ முடியும் இமை முடியும் உதிர்ந்தன. தலைமுடியை எதிர்பார்த்திருந்தேன், இதை இல்லை. இமை முடி இல்லாமல் பஸ் ஜன்னல் தூசி நேராகக் கண்ணுக்குள் வரும், கண்ணாடி போட்டுக்கொண்டேன். மூக்குக்குள் இருக்கும் முடியும் போய்விடுவதால் மூக்கு தண்ணீராக ஒழுகும். சளி என்று பயப்பட வேண்டாம், கைக்குட்டை அதிகமாக வைத்துக்கொள்ளுங்கள். விரல் நுனிகளில் ஊசி குத்துவது போல ஆரம்பித்து மரத்துப்போனது. என்னால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. டாக்டரிடம் என் வேலையே விரலில்தான் என்று சொன்னதும் மருந்தின் அளவைக் குறைத்தார். சொல்லியிருக்காவிட்டால் அவருக்குத் தெரிந்திருக்காது.

கடைசி மருந்து முடிந்து சில வாரங்களில் பஞ்சு மாதிரி முடி துளிர்த்தது. நேராக இருந்த எனக்குச் சுருளாகவும் நரையோடும் வந்தது. வளர்ந்துவிட்டது, உண்மைதான். அதற்காக அன்றைக்கு அழுதது வீண் இல்லை. விரல் மரப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை, காஜா எடுக்கும் வேலையைப் பக்கத்துக் கடைக்குக் கொடுத்துவிடுகிறேன்.

தொப்பி தைத்துத் தரச் சொல்லி வார்டிலிருந்து இப்போதும் கேட்கிறார்கள். தைக்கத் தெரிந்தவர்கள் வீட்டில் இருந்தால் நீங்களே தைக்கலாம். பாலியஸ்டர் வேண்டாம், வழுக்கும், வேர்க்கும். பல தடவை துவைத்து மெலிந்த பழைய காட்டன் சேலைதான் நல்லது. தையல் விளிம்பு தலையில் படாமல் வெளிப்பக்கம் வரட்டும், அந்த நேரத்தில் நூல் முடிச்சுகூட உறுத்தும். எலாஸ்டிக் சுற்றிலும் வேண்டாம், பின் கழுத்துப் பக்கம் மட்டும் தளர்வாக. அளவை மொட்டை அடித்த பிறகு எடுங்கள். முடியோடு எடுத்த அளவில் தைத்தால் கண் வரை இறங்கிவிடும்.