பின்சீட் சோதனை

“இரு தம்பி, முதல்ல இவங்க உட்கார்ந்து பார்க்கட்டும்.”

பைக் ஷோரூமில் எனக்கு முன்னால் நின்றவர் சொன்னார். சேல்ஸ் தம்பி மைலேஜ், இ.எம்.ஐ. என்று அடுக்கிக்கொண்டே இருந்தான்.

அவர் மனைவி ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்தார். கால் வைக்கும் தகட்டில் செருப்பை அழுத்தி ஊன்றினார். அப்புறம் முந்தானையை வேண்டுமென்றே தொங்கவிட்டு, சாரி கார்டைத் தாண்டிச் சக்கரத்துப் பக்கம் போகிறதா என்று குனிந்து பார்த்தார்.

எந்த யூடியூப் விமர்சனத்திலும் இப்படி ஒரு சோதனையை நான் பார்த்ததில்லை.

எல்லாரும் பேசுவது 100 சிசியா 125 சிசியா என்றுதான். காலையில் தாம்பரத்திலிருந்து கிண்டி வரை ஜி.எஸ்.டி. ரோட்டில் மூன்றாவது கியரைத் தாண்டினாலே பெரிய விஷயம், அதற்கு 97.2 சிசி ஸ்ப்ளெண்டர் தாராளம். எடையைத்தான் பார்க்க வேண்டும். ஹோண்டா ஷைன் 100 வெறும் 99 கிலோ, 125 சிசி டிவிஎஸ் ரெய்டர் 123 கிலோ. ஆபீஸ் பார்க்கிங் இடுக்கிலிருந்து வண்டியைப் பின்னுக்கு இழுக்கும்போது தெரியும் அந்த 24 கிலோ யாரென்று!

ரெண்டு பேராகப் பாலம் ஏறுவதென்றால் கதை வேறு, அங்கே 125 வேண்டும்.

பிரேக்? 2019 ஏப்ரலிலிருந்து சிபிஎஸ் என்கிற இணை பிரேக்காவது கட்டாயம், பின் பிரேக்கை மிதித்தால் முன்னதும் சேர்ந்து பிடிக்கும். ஆனாலும் மழைக்கு முன்சக்கர டிஸ்க் பிரேக்குக்குத்தான் என் ஓட்டு. ப்ளூடூத் மீட்டருக்குக் கொடுக்கிற காசை அதற்குக் கொடுக்கலாம்.

ஆன்ரோடு விலையை, அதாவது வரி, இன்சூரன்ஸ், பதிவு எல்லாம் சேர்ந்த தொகையை, தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ‘ஆக்சஸரீஸ்’ என்று ஒற்றை வரி இருந்தால், உள்ளே என்னென்ன என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.