வாரிசு வேலைக்கு அலைந்தபோது கணவரின் பேட்ச் ஆட்கள் சொல்லித் தந்தவை

என் கணவர் தீயணைப்பு வீரர். கடைசிவரை திருநெல்வேலி மாவட்டத்தில்தான் வேலை பார்த்தார். 2024இல் மாரடைப்பில் இறந்துபோனார். வீட்டில் நான், இரண்டு பிள்ளைகள், மாமியார். வாரிசு வேலை என்று சொல்கிறோமே, அந்தக் கருணை அடிப்படையிலான பணி நியமன ஆணை இப்போது என் கையில் இருக்கிறது. அதுவரை என்னவெல்லாம் செய்ய வேண்டியிருந்தது என்று எழுதி வைத்தால், சீருடைக்காரர் வீட்டுப் பெண்கள் யாருக்காவது உதவும்.

முதலில் பேட்ச் ஆட்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். சீருடைப் பணியாளர் தேர்வாணையத்தில் ஒன்றாகத் தேர்வாகி, ஒன்றாகப் பயிற்சி முடித்தவர்கள் இவர்கள். தலைவர், செயலாளர் என்று யாரும் கிடையாது. ஒரு வாட்ஸ்அப் குழு மட்டும் உண்டு. அதில் அரசாணை வந்தால் போடுவார்கள், யாராவது கிணற்று மீட்பில் அடிபட்டால் போடுவார்கள், சாவு என்றால் ஆளுக்கு ஒரு தொகை போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்து கொடுப்பார்கள். எனக்கு அவர்களைப் பெயரைவிட நிலையத்தை வைத்துத்தான் தெரியும். வள்ளியூர் அண்ணன், நாங்குநேரி தம்பி, சங்கரன்கோவில் அண்ணன். எல்லாருக்கும் நான் மதினி.

பாபநாசத்தில் பதினாறாம் நாள் காரியம் முடித்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் பணத்தைக் கொண்டு வந்தார்கள். எவ்வளவு என்று எழுதப் போவதில்லை. பெரிய தொகை, அதில்தான் பள்ளிக்கூடக் கட்டணம் கட்டினேன். ஆனால் அன்றைக்கு வள்ளியூர் அண்ணன் ஒரு காகிதமும் கொடுத்தார். எந்தச் சான்று முதலில், எது அடுத்து, எதை எங்கே கொடுக்க வேண்டும் என்று அதில் கையால் எழுதியிருந்தது. "பைய செய்வோம் மதினி, ஆனா இந்த வரிசை மாறிரக் கூடாது" என்றார். பணத்தைவிட அந்தக் காகிதம்தான் என்னை நிமிர்த்தியது. துக்க வீட்டில் ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள், எதுவும் தலையில் ஏறாது.

இறப்புச் சான்றில் பெயர் பணிப்பதிவேட்டில் இருப்பதுபோல இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. இவருக்குப் பதிவேட்டில் தலைப்பெழுத்து மட்டும் இருந்தது, ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருந்தது. இருவரும் ஒருவரே என்று ஒரு சான்று வாங்க வேண்டியதாயிற்று. அப்புறம் வாரிசுச் சான்று. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிப் பதிந்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று போய்த் தாசில்தாரிடம் முடியும். அதில் மனைவி, பிள்ளைகளோடு இறந்தவரின் தாயும் வாரிசாக வருவார். இது கையில் வந்தால்தான் மற்ற எதுவும் நகரும்.

அடுத்தது பணம் சம்பந்தப்பட்டவை. மாதம் 110 ரூபாய் பிடித்த குடும்பப் பாதுகாப்பு நிதியில் 5 லட்சம் வரும். மிச்சமிருந்த ஈட்டிய விடுப்புக்கு, அதிகபட்சம் 240 நாட்கள்வரை, சம்பளம் கணக்கிட்டுத் தருவார்கள். இவர் 2003 ஏப்ரல் 1க்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர் என்பதால் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தார். சம்பளத்தில் பிடித்த 10 சதவீதமும் அரசு போட்ட அதே அளவு பங்கும் வட்டியோடு வந்தன. மாதாமாதம் வருகிற குடும்ப ஓய்வூதியம் அந்தத் திட்டத்தில் இல்லை. வருஷக்கணக்காகத் தீயிலும் தண்ணீரிலும் இறங்கியவரின் குடும்பத்துக்கு மாத வருமானம் என்று எதுவும் இல்லை என்பது இன்றும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியாத விஷயம். வாரிசு வேலை எங்களுக்கு அவ்வளவு முக்கியமாகிப்போனதும் அதனால்தான்.

குடும்பப் பாதுகாப்பு நிதியில் ஒரு சிக்கல் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் வேலையில் சேர்ந்தபோது எழுதிக் கொடுத்த வாரிசு நியமனத்தில், அதாவது இறந்தால் பணம் யாருக்கு என்று குறிக்கும் நாமினி படிவத்தில், என் மாமியார் பெயர்தான் இருந்தது. வேலைக்கும் அவருடைய ஆட்சேபணையின்மைக் கடிதம் வேண்டும். அதற்குள் தெருவில் யாரோ, "கையெழுத்துப் போட்டா எல்லாம் மருமக பேருக்குப் போயிரும்" என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறார்கள். அத்தை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் சாப்பிடுவதைக் குறைத்துவிட்டார். மகனைப் பறிகொடுத்தவரிடம் போய்க் காகிதத்தை நீட்ட எனக்கு வாய் வரவில்லை.

வள்ளியூர் அண்ணனும் நாங்குநேரி தம்பியும் இரவு டியூட்டி முடித்து நேரே வந்தார்கள். அத்தை பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, எந்தப் பணத்தில் அவருக்கு என்ன பங்கு, எது பிள்ளைகளுக்கு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். "வேலை மதினிக்குக் கிடைச்சாலும், குடும்பத்துல மத்தவங்களக் காப்பாத்துவேன்னு எழுதி வாங்கித்தான் கொடுப்பாங்க அம்மா. உங்களையும் சேத்துத்தான்" என்று அண்ணன் சொன்னபோது அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தார். 2023 டிசம்பர் வெள்ளத்தில் சிந்துபூந்துறைப் பக்கம் ரப்பர் படகில் ஆட்களை ஏற்றியதைப் பற்றி அவர்கள் பேச ஆரம்பித்தார்கள். மகன் வீட்டில் சொல்லாத விஷயங்களையெல்லாம் அத்தை அன்றுதான் கேட்டார். காப்பி குடித்துவிட்டு அவரே மை டப்பாவை எடுத்து வரச் சொன்னார்.

வேலைக்கான விண்ணப்பத்தோடு ஒரு கட்டுச் சான்றுகள் போக வேண்டும். குடும்ப வருமானம், அசையும் அசையாச் சொத்து, குடும்பத்தில் வேறு யாரும் அரசு வேலையில் இல்லை, நான் மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக. இதில் கடைசிச் சான்றை எத்தனை பேர் முன்னால் கேட்டார்கள் என்று நினைத்தால் இப்போதும் மனம் வலிக்கிறது. தனியாகக் கூப்பிட்டுக் கேட்கலாம்.

ஒரு அலுவலகத்தில், "அவர் டியூட்டியில் இறக்கவில்லையே, உங்களுக்கு வாரிசு வேலை வராது" என்று சொல்லிக் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வெளியே வந்து மரத்தடியில் நின்றே சங்கரன்கோவில் அண்ணனுக்கு போன் போட்டேன். அரை மணி நேரத்துக்குள் கருணை நியமன விதிகள் 2023இன் பக்கங்கள் போனில் வந்துவிட்டன. பணியில் இருக்கும்போது இறந்தால் போதும், நோயில் இறந்தாலும் சரி. இறந்த நாளிலிருந்து 3 வருஷத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், மனைவிக்கு 50 வயதுவரை வாய்ப்பு உண்டு. ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, அதே மேசைக்குப் போய் அந்த வரியைக் காட்டினேன். வாங்கிக்கொண்டார்கள். விதி தெரிந்த ஒரு ஆள் போன் எடுக்கும் தூரத்தில் இருந்தது எனக்குக் கிடைத்த பெரிய ஆதரவு. அந்த வசதி இல்லாத வீடுகளில் அப்படியே திரும்பிப் போனவர்கள் இருப்பார்கள்.

பிறகு நடந்ததெல்லாம் காத்திருப்புதான். காலியிடம் வர வேண்டும், கோப்பு நகர வேண்டும். அந்தக் காலத்தில் நாங்குநேரி தம்பியின் மனைவி வற்புறுத்தி என்னைத் தட்டச்சு வகுப்பில் சேர்த்துவிட்டாள். இளநிலை உதவியாளராக ஆணை வந்திருக்கிறது. அடுத்து பவானிசாகரில் அடிப்படைப் பயிற்சி. பிள்ளைகளை அத்தை பார்த்துக்கொள்கிறார்.

பேட்ச் குழுவில் இப்போது ஒரு பழக்கம் வந்திருக்கிறது. எல்லாரும் தங்கள் பதிவேட்டில் வாரிசு நியமனம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்து, கல்யாணத்துக்குப் பிறகு மாற்றாதவர்கள் மாற்றி எழுதிக் கொடுக்கிறார்கள். மனைவிமார்களுக்கும் அதைக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். நான் கேட்டுக்கொண்டதன்பேரில்தான் அதைச் செய்கிறார்கள்.

வள்ளியூர் அண்ணனின் காகிதத்தை நான் கொஞ்சம் விரித்து எழுதி வைத்திருக்கிறேன். போன வாரம் வேறு பேட்ச் ஒருவரின் மனைவி அழைத்தாள். வாரிசுச் சான்றின் அசலைக் கேட்கிறார்கள், கொடுத்துவிடலாமா அக்கா என்றாள். அசலைக் காட்டு, சான்றொப்பமிட்ட நகலை மட்டும் கொடு, கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் வராதே என்று சொன்னேன்.