ப்ரையீன் மண்டி போட்ட அந்த ராத்திரி

கேம் ஆஃப் த்ரோன்ஸ் டிவி தொடர்ல உனக்குப் பிடிச்ச எபிசோடு எதுன்னு கேட்டா முக்கால்வாசிப் பேரு ஏதாவது ஒரு சண்டை எபிசோடத்தான் சொல்வாங்க. எனக்கு எட்டாவது சீசனோட ரெண்டாவது எபிசோடு, 'எ நைட் ஆஃப் த செவன் கிங்டம்ஸ்'. இங்க நைட்னா ராத்திரி இல்ல, பட்டம் வாங்கின வீரன் (knight). இதுல சண்டையே கிடையாது, யாரும் சாகல, டிராகன் நெருப்பு கக்கல. செத்தவங்களோட படை வடக்குலேர்ந்து வந்துக்கிட்டு இருக்கு, விடியறதுக்குள்ள வந்துடும், ஸ்டார்க் குடும்பத்தோட வின்டர்ஃபெல் கோட்டைக்குள்ள இருக்கறவங்க ராத்திரி முழுக்க உட்கார்ந்து பேசிக்கிட்டு இருக்காங்க. அவ்ளோதான் மொத்தக் கதையும்.

2019 ஏப்ரல்ல வந்தது இது. அமெரிக்காவுல ஞாயித்துக்கிழமை ராத்திரின்னா நமக்கு திங்கக்கிழமை காலைல ஆறரை மணி, ஹாட்ஸ்டார்ல போட்ட உடனே பாத்தாகணும், ஓஎம்ஆர் பக்கம் ஆபீஸ் போறவங்களுக்கு கேப் வர்றதுக்குள்ள முடிக்கணும் இல்லன்னா லஞ்ச் டேபிள்ல யாராவது கதையப் போட்டு உடைச்சிடுவாங்க. அப்படி அவசரமா பாத்ததுதான், ஆனா அதுக்கப்புறம் நிதானமா எத்தனையோ தடவ பாத்துட்டேன், இப்பவும் அந்த ஒரு சீன் வரும்போது கண்ணு கலங்கிடுது.

முதல்ல, நானும் உங்களோட சேர்ந்து சண்டை போடறேன்னு ஜேமி லானிஸ்டர் வந்து நிக்கற சீன். டிராகன் வச்சிருக்கற ராணி டெனேரிஸோட அப்பா மேட் கிங்கக் கொன்னவன், கோட்டைத் தலைவி சான்சாவோட அப்பாவ தெருவுல வச்சு தாக்கினவன், அவ தம்பி ப்ரான ஜன்னல்லேர்ந்து தள்ளி விட்டவன். அந்த ஹால்ல அவனுக்கு ஆதரவா பேச யாருக்குமே காரணம் இல்ல. சான்சாவக் காப்பாத்தறதா சத்தியம் பண்ணின வாள்வீராங்கனை ப்ரையீன் மட்டும் எழுந்து வந்து, இவர எனக்குத் தெரியும், இவர் மானமுள்ள மனுஷன்னு சொல்றா. அவ சொன்ன ஒரே காரணத்துக்காக சான்சா ஒத்துக்கறா. ப்ரையீனோட வாக்குக்கு அந்த வீட்டுல எவ்ளோ மதிப்புன்னு இந்த இடத்துலயே காட்டிடறாங்க.

அப்புறம் வெளியில மைதானத்துல ஜேமி அவகிட்ட வந்து, நான் பழைய மாதிரி சண்டை போடற ஆள் இல்ல, ஆனா உன் தலைமையில போர் செய்ய விட்டா அது எனக்கு கௌரவம்னு சொல்வான். உடனே ப்ரையீனுக்கு சந்தேகம் வந்துடும், என்னடா இது, இவ்ளோ நேரமா பேசறான் இன்னும் ஒரு தடவ கூட என்ன மட்டம் தட்டலயேன்னு அவன்கிட்டயே கேட்டுடுவா. அந்த சந்தேகத்த ஞாபகம் வச்சுக்கோங்க, எனக்கு இந்த எபிசோடே அதுலதான் இருக்கு.

நடுவுல வர்ற சின்னச் சின்ன சீன்களும் ரொம்ப அழகு. ஸ்டார்க் வீட்டுல வளர்ந்து அவங்களுக்கே துரோகம் பண்ணின தியான் திரும்பி வந்து வின்டர்ஃபெல்லுக்காக சண்டை போடணும், சேர்த்துப்பீங்களான்னு கேட்டதும் சான்சா ஒரு வார்த்த பேசாம ஓடிப்போய் கட்டிப்பிடிச்சிக்கறது. சாம் தன் குடும்ப வாள ஜோராவுக்குக் குடுக்கறது. டேவோஸ் கரண்டியும் கையுமா நின்னு எல்லாருக்கும் சூப் ஊத்தறது. நம்ம புறத்திணையில வஞ்சியில பெருஞ்சோற்று நிலைன்னு ஒரு துறை உண்டு, போருக்குப் போற வீரர்களுக்கு ராஜா சோறு போடறது, ஸ்கூல்ல படிச்சிருப்போம். இங்க ராஜா போடல, கடத்தல்காரனா வாழ்க்கைய ஆரம்பிச்ச ஒரு வயசானவரு போடறாரு. அந்த வரிசையில கன்னத்துல தழும்போட ஒரு குட்டிப் பொண்ணு வந்து நானும் சண்டை போடுவேன்னு நிக்கும், டேவோஸ் முகம் அப்படியே மாறும், அவருக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் குடுத்த, இதே மாதிரி தழும்போட இருந்து செத்துப்போன குட்டி ஷிரீன் ஞாபகம். யாரும் அந்தப் பேரச் சொல்லல, சொல்லத் தேவையும் இல்ல.

இப்போ அந்த நெருப்பு ரூம். முதல்ல ஜேமியும் அவன் தம்பி டிரியனும், அப்புறம் ப்ரையீனும் அவளோட உதவியாள் பாட்ங்கற பையனும் வர்றாங்க, பின்னாடியே டேவோஸ், வடக்குக் காட்டுவாசி டார்மண்ட். பாட் அர கப்பு வைன்தான் குடிக்கணும்னு ப்ரையீன் சொல்வா, டிரியன் வழிய வழிய ஊத்துவான். டார்மண்ட் பத்து வயசுல ராட்சசனக் கொன்னுட்டு அவன் பொண்டாட்டிகிட்ட மூணு மாசம் பால் குடிச்ச கதைய சொல்வான், எல்லார் மூஞ்சியும் பாக்கணுமே. டிரியன் சொல்வான், இங்க உட்கார்ந்திருக்கற நாம கிட்டத்தட்ட எல்லாருமே ஒரு காலத்துல ஸ்டார்க் குடும்பத்த எதிர்த்து சண்டை போட்டவங்க, இன்னிக்கி அவங்க கோட்டையக் காப்பாத்த உட்கார்ந்திருக்கோம்னு.

எனக்கு அந்த ரூம் ரொம்பத் தெரிஞ்ச ரூம். 2015 டிசம்பர் 1ம் தேதி ராத்திரி அடையாறு பொங்கி ஜாபர்கான்பேட்டையில எங்க தெருவுக்குள்ள தண்ணி ஏறினப்போ கீழ் வீட்டுக்காரங்க எல்லாம் மாடி வீட்டு ஹால்லதான் இருந்தோம், கரண்ட் இல்ல, போன் இல்ல, படிக்கட்டுல தண்ணி எந்தப் படி வரைக்கும் வந்திருக்குன்னு ஒருத்தர் மாத்தி ஒருத்தர் டார்ச் அடிச்சுப் பாத்துட்டு வருவாங்க, ஆனா ஹாலுக்குள்ள யாரும் தண்ணியப் பத்திப் பேசவே இல்ல, ஒரு தாத்தா தன் கல்யாணக் கதைய சொல்றாரு, வருஷக்கணக்கா பேசாம இருந்த ரெண்டு வீட்டுக்காரங்க ஒரே தட்டுல உப்புமா சாப்பிடறாங்க. பயத்துல மனுஷங்க அப்படித்தான் பேசுவாங்க, இந்த எபிசோட எழுதின ப்ரையன் காக்மேனுக்கு அது தெரிஞ்சிருக்கு.

பேச்சு வாக்குல டிரியன் ப்ரையீன நைட்டுங்களக் கூப்பிடற மாதிரி 'சர்'னு சொல்வான், அவ நான் நைட் இல்ல, பொண்ணுங்க நைட் ஆக முடியாதுன்னு சொல்வா. ஏன்னு டார்மண்ட் கேட்பான். வழக்கம் அப்படிம்பா. டார்மண்ட் அந்த வழக்கத்த கெட்ட வார்த்தையில திட்டிட்டு, நான் ராஜாவா இருந்தா பத்து தடவ உனக்குப் பட்டம் குடுப்பேன்னு சொல்வான். நான் ஒண்ணும் நைட் ஆக ஆசப்படலன்னு அவ சொல்லும்போது பாட் அவள ஒரு பார்வ பாப்பான் பாருங்க, பக்கத்துலயே இருந்தவனுக்குத் தெரியாதா. அப்பத்தான் ஜேமி சொல்றான், அதுக்கு ராஜா வேணாம், ஒரு நைட் இன்னொருத்தர நைட் ஆக்கலாம், நிரூபிக்கறேன்னு எழுந்து வாள உருவறான். வந்து மண்டி போடுங்கறான்.

அவ உடனே எழுந்திருக்க மாட்டா. லேசா சிரிப்பா, சுத்தி ஒவ்வொருத்தர் முகத்தையும் பாப்பா. அஞ்சாவது சீசன்ல பாட்கிட்ட ஒரு கதை சொல்லியிருப்பா, சின்ன வயசுல அப்பா அவளுக்காக ஒரு விருந்து வச்சாரு, பசங்க எல்லாம் போட்டி போட்டு அவளோட ஆடினாங்க, நெஜம்னு நம்பி சந்தோஷத்துல மிதந்தா, அப்புறம் பாத்தா எல்லாரும் சேர்ந்து கேலி பண்ணியிருக்காங்க, அன்னிக்கி அவளக் காப்பாத்த வந்து ஆடினவன் ராஜாவோட தம்பி ரென்லி ஒருத்தன்தான். அந்தப் பொண்ணுதான் இப்போ இந்த ஆம்பளைங்க மூஞ்சியப் பாக்கறா. இதுவும் கேலியான்னு பாக்கறா. யார் மூஞ்சியிலயும் கேலி இல்ல. நைட் ஆகணுமா வேணாமான்னு ஜேமி மறுபடி கேட்கறான், பாட் மெதுவா தலையாட்டறான், அவ எழுந்து வர்றா.

வலது கை போனவன், இடது கையில வாளப் பிடிச்சு அவ தோள்ல வைக்கறான். வீரனோட பேரால தைரியமா இரு, தந்தையோட பேரால நியாயமா இரு, தாயோட பேரால அப்பாவிகளக் காப்பாத்து. ஜேமி, ராஜாவக் காப்பாத்தறதா அவன் எடுத்த சத்தியத்த மீறினவன்னு ஊரே காறித் துப்பினது, எதுக்காக மீறினான்னு அவன் வாயத் திறந்து சொன்னது மூணாவது சீசன்ல குளியல் தொட்டியில உட்கார்ந்து இவகிட்ட மட்டும்தான். அந்த எபிசோடும் காக்மேன் எழுதினது. நாலாவது சீசன்ல ஓத்கீப்பர் வாளையும் கவசத்தையும் பாட் பையனையும் இவகூட அனுப்பி வைப்பானே, அதுவும் அவரே. ஒரே ஆளு இந்த ரெண்டு பேரையும் வருஷக்கணக்கா மனசுல வச்சிருந்து கொண்டாந்து இங்க நிறுத்தியிருக்காரு.

அவ எழுந்ததும் டார்மண்ட்தான் முதல்ல கை தட்டுவான். க்வெண்டலின் க்ரிஸ்டி அங்க ஒரு சிரிப்பு சிரிப்பாங்க, கண்ணுல தண்ணியோட, எட்டு சீசன்ல ப்ரையீன் அப்படி சிரிச்சு நான் பாத்ததில்ல. அந்த வருஷம் அவங்களுக்கு எம்மி நாமினேஷன் கிடைச்சுது, அதுக்குப் பேரையும் அவங்களே குடுத்துக்கிட்டாங்க, சரியாத்தான் செஞ்சாங்க.

இந்தத் தொடர்ல ஒரு எபிசோடு கூட பாக்காத எங்கம்மா அன்னிக்கி காபி டம்ளரோட வந்து நின்னவங்க அப்படியே நின்னுட்டாங்க.

"ஏண்டி, அந்தப் பொண்ணு ஏன் அழுவுது?"

"அவளுக்குப் பட்டம் குடுக்கறாங்கம்மா."

"இத்தன நாளா குடுக்கலயா?"

அதுக்கப்புறம் பாட் பாடுவான், டேனியல் போர்ட்மன் சொந்தக் குரல், அந்தப் பாட்டு மேல ஒவ்வொருத்தரோட கடைசி நேரமா காட்டிக்கிட்டே போவாங்க. கடைசியில சான்சாவோட அண்ணனா வளர்ந்த ஜான், தான் யாருன்னு டெனேரிஸ்கிட்ட சொல்ற சீனும் இருக்கு, கதைக்கு அதுதான் முக்கியம்னு தெரியும், ஆனா என் மனசு அதுக்குள்ள அந்த ரூமுக்கே திரும்பிப் போயிடும்.

அந்த நெருப்புப் பக்கத்துல உட்கார்ந்த ஆறு பேருமே மறுநாள் உயிரோட இருந்தாங்க. கடைசி எபிசோடுல ப்ரான் ராஜாவா இருக்கும்போது பாட் பையன 'சர் பாட்ரிக்'னு கூப்பிடுவான், கவனிச்சீங்களா? அவனுக்கு யாரு பட்டம் குடுத்தான்னு காட்டவே இல்ல. ப்ரையீன்தான் குடுத்திருப்பா, எனக்கு அதுல சந்தேகமே இல்ல, ஆனா அத ரெண்டே நிமிஷம் காட்டியிருக்கலாம், அந்த ஒரு வருத்தம் எனக்கு இன்னிக்கி வரைக்கும் இருக்கு.