ஒரு டப்பா மைசூர்பாகு

சனிக்கிழமை காலை டென்னிஸ் முடிந்ததும் நேரே அண்ணாச்சி கடைக்குத்தான் போவோம். டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோவில் இருக்கிறது. மகளுக்கு நெய் ரோஸ்ட், எனக்கு இட்லி வடை. போன மாதம் கல்லாவில் கார்டை நீட்டினேன், அண்ணாச்சி வாங்கவில்லை.

"தம்பி, பாப்பா ஆடுற வீடியோவெல்லாம் இன்ஸ்டாகிராம்ல பார்க்கேன். நம்ம தோசையோட ஒரு படம் எடுத்துப் போடச் சொல்லுங்க. மாசம் நூறு டாலர் தாரேன். சாப்பாட்டுக்குக் காசு வேண்டாம்."

மகளுக்கு முகமெல்லாம் பல். பதினோராம் வகுப்பு படிக்கிறாள். ராக்கெட்டுக்கு ஒரு தடவை கட், அதாவது நரம்பு, போட முப்பது டாலருக்கு மேல் ஆகிறது, இவள் வாரம் ஒன்று அறுக்கிறாள். நூறு டாலர் என்றால் மூன்று கட். நான் சிரித்துக்கொண்டே, "யோசிச்சுச் சொல்றேன் அண்ணாச்சி" என்று நழுவினேன்.

பயம்தான் காரணம். பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15ஆம் தேதியிலிருந்துதான் கல்லூரிக் கோச்சுகள் பிள்ளைகளை நேரடியாகத் தொடர்பு கொள்ளலாம். அன்றைக்கு வந்த நான்கு மெயிலை நானும் மனைவியும் பரீட்சை ரிசல்ட் மாதிரி திரும்பத் திரும்பப் படித்தோம். இந்த நிலைமையில் ஒரு தோசைப் படத்தால் ஏதாவது கெட்டுவிட்டால்?

கெட்டவர்கள் உண்டு. ஜெரமி ப்ளூம் என்று ஒருவர். கொலராடோ பல்கலைக்கழகத்தில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடியவர், 2002 குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கும் ஆடியவர். பனிச்சறுக்கில் ஸ்பான்சர் இல்லாமல் பயிற்சிச் செலவைச் சமாளிக்க முடியாது. ஆனால் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ, பொருளை விளம்பரம் செய்து காசு வாங்குபவர் அமெச்சூர் (காசுக்காக ஆடாதவர்) இல்லை என்று 2004இல் அவரை ஃபுட்பாலிலிருந்து விலக்கிவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரு விளையாட்டில் சம்பளம் வாங்கிக்கொண்டு இன்னொன்றில் அமெச்சூராக ஆட அதே விதிப்புத்தகம் இடம் கொடுத்தது. க்ரிஸ் வைன்கி சில வருடம் சம்பளத்துக்கு பேஸ்பால் ஆடிவிட்டு வந்து, 28 வயதில் கல்லூரி ஃபுட்பாலின் மிகப் பெரிய விருதான ஹைஸ்மனையே வாங்கினார். சம்பளம் தீட்டில்லை, விளம்பரம்தான் தீட்டு!

2017இல் சென்ட்ரல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ஃபுட்பால் ஆடிய டொனால்ட் டி லா ஹே என்ற பையனுக்கு யூடியூப் சானலில் கொஞ்சம் விளம்பரக் காசு வந்தது. ஆட்டத்தைக் காட்டும் வீடியோக்களில் காசு பார்க்காமல் இருந்தால் தொடரலாம் என்றார்கள். மாட்டேன் என்றான். ஸ்காலர்ஷிப் போனது. அவன் உடம்பில் கிடந்த ஜெர்சியிலும் ஷூவிலும் கம்பெனி சின்னம் இருந்ததே, அது? அந்தக் காசு பல்கலைக்கழகத்துக்கும் கோச்சுக்கும் போகிற காசு, ஆகவே சுத்தம்.

'அமெச்சூர்' என்ற சொல் எனக்குப் புதிதில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் கபடி சங்கத்தின் பெயரிலேயே அது உண்டு. அதே பக்கத்தில் கோயில் கொடையை ஒட்டி நடக்கும் வாலிபால் போட்டியில் முதல் பரிசாக ஆட்டுக்கடா கட்டி நிற்கும். நன்றாக ஆடுகிற அண்ணன்களுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் சீட், அப்புறம் ரயில்வேயிலோ பேங்கிலோ வேலை. ஆட்டக்காரன் சம்பாதிப்பது பாவம் என்று அங்கே யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

சரி, அதெல்லாம் பழைய கதை, 2021 ஜூலை 1ஆம் தேதியிலிருந்து கல்லூரி ஆட்டக்காரர்கள் விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்று மாறிவிட்டதே என்று மகள் மடக்கினாள். உண்மைதான். அதற்குப் பத்து நாள் முன்பு கல்லூரி ஆட்டக்காரர்கள் போட்ட ஆல்ஸ்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 9-0 என்று என்சிஏஏவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லியிருந்தது. தேதி பிறந்த நிமிடமே ஃப்ரெஸ்னோ ஸ்டேட் கூடைப்பந்து டீமின் இரட்டைச் சகோதரிகளான காவிண்டர்கள் நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயரில் ஒரு செல்போன் கம்பெனியின் விளம்பரப் பலகையில் நின்றார்கள். 2025 ஜூனில் வந்த ஹவுஸ் என்ற வழக்கின் சமரசத்துக்குப் பிறகு கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கின்றன, முதல் வருடத்துக்கு ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர்.

ஆனால் இவள் இன்னும் கல்லூரிக்குப் போகவில்லையே. டெக்சஸ் பள்ளி விளையாட்டு அமைப்பின் விதியைத் தேடிப் படித்தேன். பள்ளி விளையாட்டின் பெயரைச் சொல்லிப் பொருளை விற்றுக்கொடுத்துக் காசு வாங்கினால் அந்த விளையாட்டில் ஒரு வருடம் பள்ளி டீமில் ஆட முடியாது. எங்கள் வீட்டிலிருந்து முக்கால் மணி தூரத்தில் இருக்கிற சவுத்லேக்கில் படித்த ஃபுட்பால்காரர் க்வின் யூவர்ஸ் இதனால்தான் 2021இல் பன்னிரண்டாம் வகுப்பு ஆட்டத்தையே விட்டுவிட்டு ஒரு வருடம் முன்னதாக ஒஹையோ ஸ்டேட் போனார். ஒரு கொம்புச்சா பானக் கம்பெனி அவருக்காகக் காத்திருந்தது. அங்கே அந்த வருடம் ஆடியது மொத்தம் இரண்டே பந்து. ஆட்டோகிராஃப் ஒப்பந்தம் மட்டும் பத்து லட்சம் டாலருக்கு மேல் என்று செய்தி. நானாக இருந்தாலும் போயிருப்பேன்.

டென்னிஸில் இன்னொரு கணக்கு உண்டு. ரீஸ் ப்ராண்ட்மையர் பள்ளியில் படிக்கும்போதே 2021 யூஎஸ் ஓபனில் ஆடி 49,000 டாலர் சுமாருக்குப் பரிசு ஜெயித்தார். கல்லூரியில் சேர நினைப்பவர் செலவு போக வருடத்துக்கு 10,000 டாலர்தான் எடுத்துக்கொள்ளலாம் என்பது என்சிஏஏவின் அன்றைய விதி. மிச்சத்தை விட்டுவிட்டு வந்து, 2024இல் வழக்குப் போட்டார். மகள் இதைக் கேட்டதும், "அந்தக் கவலை நமக்கு வராதுப்பா" என்றாள். இரண்டாவது சுற்றைத் தாண்டியே ஆறு மாதமாகிறது.

கடைசியில், விசா விஷயம் பார்க்கும் வக்கீலுக்கு ஒரு மெயில் போட்டேன். பதில் இரண்டு வரி. மகள் சென்னையில் பிறந்தவள், எச்-4, அதாவது பெற்றோரின் வேலை விசாவை ஒட்டிய விசா. வேலை செய்யக் கூடாது. படம் போட்டுக் காசு வாங்குவது வேலையா இல்லையா என்று வாதாடலாம், ஆனால் அந்த வாதத்தை உங்கள் பெண்ணை வைத்து நடத்த வேண்டாம். கிரீன் கார்டு வரிசை நகர்கிற வேகத்துக்கு, 21 வயதில் எச்-4 முடிந்து இவள் எஃப்-1 விசா மாணவியாகத்தான் இருப்பாள். அப்போதும் இதே பதில்தான். பர்டியூ பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து ஆடிய ஏழடி நான்கு அங்குல ஸாக் ஈடி, கனடாக்காரர், இரண்டு வருடம் தொடர்ந்து நாட்டின் சிறந்த வீரர். கூட ஆடியவர்கள் விளம்பரத்தில் சம்பாதித்தபோது அவர் விசாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீதிமன்றம் போய் உடைத்த விதிகளெல்லாம் உடன் ஆடும் பிள்ளைகளுக்கு உடைந்தன. என் மகள் மட்டும் 1950களின் அமெச்சூராகவே இருக்கிறாள்.

கென்டக்கி பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து ஆடிய காங்கோக்காரர் ஆஸ்கர் ஷீப்வே ஒரு வழி கண்டுபிடித்தார். 2022இல் டீம் பஹாமாஸ் போனபோது விளம்பர வேலைகளை அங்கேயே வைத்து முடித்துக்கொண்டார். அமெரிக்க மண்ணில் வேலை செய்யவில்லை, அவ்வளவுதான். இதைச் சொன்னதும் மகள் துள்ளினாள்.

"அப்ப டிசம்பர்ல தூத்துக்குடி போறப்ப மக்ரூன் கடையில எடுக்கலாமா?"

"டெக்சஸ் ஸ்கூல் விதி தூத்துக்குடிக்கும் வரும்டி."

அடுத்த சனிக்கிழமை அண்ணாச்சியிடம் முடிந்தவரை விளக்கினேன். விசா என்றதும் தலையாட்டினார், அவரும் அந்த வரிசையில் நின்று வந்தவர்தான். அமெச்சூர் என்றதும் புரியவில்லை. "நல்லா ஆடுற பிள்ளைக்கு ஒரு கை கொடுக்கக் கூடாதுங்கானா?" என்று உள்ளே போய் ஒரு டப்பா மைசூர்பாகைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். படமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், பாப்பா சாப்பிடட்டும் என்றார்.

நான் பில்லில் சேர்க்கச் சொன்னேன். அண்ணாச்சிக்கு முகம் சுருங்கிவிட்டது. 14 டாலர் 99 சென்ட். ரசீதைப் பர்ஸில் பத்திரமாக வைத்திருக்கிறேன். வீடு வருவதற்குள் பாதி டப்பா காலி.