வன்னிக் குளங்களைத் தாள் பிலிமில் எடுத்தல்: காற்றும் நீர்மட்டமும் பார்த்துப் போகும் பயணங்கள்

பெரிய கமராவில் ஒரு படத்துக்கு ஒரு தாளாக ஏற்றும் 4×5 அங்குலத் தாள் பிலிமில் வன்னியின் குளங்களை எடுக்கத் தொடங்கிய பிறகு, பயணத்துக்கு நாள் குறிக்கும் முறையே எனக்கு மாறிவிட்டது. சிறிய கமராவோடு திரிந்த காலத்தில் விடியும் நேரம் தெரிந்தால் போதுமாக இருந்தது. இப்போது முதலில் காற்றை விசாரிக்கிறேன், அடுத்ததாகக் குளத்தின் நீர்மட்டத்தை. வெளிச்சம் அவற்றுக்குப் பிறகுதான்.

காரணம் எளிது. எஃப் 32 என்ற சிறிய லென்ஸ் துவாரத்தில், மஞ்சள் வடிகட்டியும் பூட்டிக்கொண்டு, ஐ.எஸ்.ஓ. 125 பிலிமில் சூரியன் எழுமுன் எடுத்தால் ஒளிமானி 4 செக்கன், 10 செக்கன் என்று காட்டும். நீண்ட நேரம் திறந்திருக்கும்போது பிலிமின் உணர்திறன் தளர்ந்துவிடுவதால் அந்த 4 ஏறக்குறைய 6 ஆகவும், 10 ஏறக்குறைய 18 ஆகவும் நீள வேண்டும். நான் பயன்படுத்தும் இல்ஃபோர்ட் எஃப்.பி.4 பிளஸுக்கு, காட்டிய நேரத்தை 1.26 என்ற அடுக்குக்கு உயர்த்தும்படி அந்த நிறுவனமே கணக்குத் தந்திருக்கிறது. அதை அட்டவணையாக எழுதிக் கமராப் பையின் மூடியில் ஒட்டி வைத்திருக்கிறேன். 18 செக்கன் வரை ஒரு நாணலும் அசையாமல் நிற்க வேண்டுமென்றால் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் அதற்கு வழியில்லை. கிளிநொச்சியின் இரணைமடுக் குளக்கட்டில் ஒரு முதிய கமக்காரர் இதை ஒரே வசனத்தில் சொல்லித் தந்தார்: “தம்பி, சோளகம் முடியட்டும், இப்ப தண்ணி அலையடிச்சுக்கொண்டுதான் கிடக்கும்.” வாடைக்காற்றின் வேகம் தணிந்த தைக் கடைசியிலிருந்து பங்குனி வரையான விடியற்காலைகளே எனக்குக் கைகொடுத்தவை. அப்போது மாரிமழை நிரப்பிய தண்ணீர் குளத்தில் இருக்கும். சிறுபோகத்துக்குத் துருசு என்னும் மதகைத் திறந்து மட்டம் இறங்கத் தொடங்குவது அதன் பின்னர்தான்.

இரணைமடுவைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும். குளக்கட்டு வடக்கிலும் நீர்ப்பரப்பு தெற்கிலும் இருப்பதால், கட்டில் நின்றால் பார்வை தெற்கு நோக்கியே போகும். டிசம்பர் கடைசியில் சூரியன் நேர்கிழக்கிலிருந்து ஏறக்குறைய 24 பாகை தெற்கே தள்ளி எழுவதால் வெளிச்சம் இடது முன்பக்கத்திலிருந்து விழுந்து, நீரின் ஒவ்வொரு மடிப்பையும் பிரித்துக் காட்டும். ஜூனில் அதே சூரியன் இடது தோளுக்குப் பின்னால் எழுந்து காட்சியைத் தட்டையாக்கிவிடும். நீர்மட்டம் 36 அடியை நெருங்கும்போது அலைகரைக் கற்கள் பெரும்பாலும் மூழ்கிவிடும். எனக்கு அவை முன்னணியில் வேண்டும் என்பதால், மேலதிக நீரை வெளியேற்றும் வான்கதவுகள் மூடி மட்டம் சிறிது இறங்கும்வரை காத்திருப்பேன்.

இந்தக் கமராவை வன்னிக்குக் கொண்டுவந்ததன் முழுப் பயனும் அந்தக் கற்களில்தான் தெரிந்தது. லென்ஸ் பலகையை முன்னோக்கிச் சாய்த்தால் படத்தில் கூர்மையாகப் பதியும் தளமும் நிலத்தோடு படுத்துவிடும். லென்ஸ் கற்களின் மட்டத்திலிருந்து 1.5 மீற்றர் உயரத்தில் இருக்க, 150 மில்லிமீற்றர் லென்ஸுக்கு ஏறக்குறைய 6 பாகைச் சாய்வு போதும். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, காட்சி தலைகீழாகத் தெரியும் கமராவின் பின்புறக் கண்ணாடியில் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தபோது, காலடிக் கல்லில் காய்ந்து ஒட்டியிருந்த பாசியின் நூல்களும் மறுகரை மருதமரங்களின் வரிசையும் ஒன்றாகக் கூர்மையாகின. மலையற்ற நிலத்தில் பெரிய கமராவுக்கு வேலையில்லை என்போரின் கருத்தை நான் ஏற்பதில்லை. சாய்வு நன்றாக வேலை செய்வது தட்டையான நிலத்தில்தான். பக்கத்தில் ஒரு பனை நின்றால் மட்டும் கதை வேறு. படுத்த தளத்துக்கு மேலே எழுந்து நிற்கும் அதன் வட்டு மங்கிவிடும். அங்கே சாய்வை விட்டுவிட்டு, கமராவை மட்டமாக வைத்து லென்ஸ் பலகையை உயர்த்துகிறேன். மரமும் நேராக நிற்கும்.

முத்தையன்கட்டு, நெடுங்கேணிப் பக்கம் விடியற்காலையில் யானை நடமாட்டம் உண்டு. துணிக்குள் இருப்பவருக்கு எதுவும் தெரியாது என்பதால் மச்சான் துணைக்கு வராமல் நான் அங்கு போவதில்லை. பழக்கமில்லாத காட்டுக்கரையில் மிதிவெடி அகற்றப்பட்டதா என்று ஊரவரிடம் கேட்டு, பாவனையிலுள்ள பாதையை விட்டு விலகாமல் முக்காலியை நிறுத்துகிறேன்.

பிலிம் கழுவும் வேலை வீட்டில்தான். ஐ.டி.-11 என்ற உருத்துலக்கிக் கரைசலை ஒன்றுக்கு ஒன்று நீர் சேர்த்தால் 20 பாகை செல்சியஸில் 11 நிமிடம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் அதைவிட வெகுவாகச் சூடானது. ஆகவே கரைசல் போத்தல்களை ஐஸ் வாளியில் நிறுத்தி வெப்பநிலையை இறக்கிக்கொள்கிறேன்.

படங்களைப் பகிர்வதிலும் ஒரு முறை அமைந்துவிட்டது. அங்குலத்துக்கு 2400 புள்ளிகளில் ஸ்கேன் செய்த தாளைத் தொலைபேசித் திரைக்குச் சுருக்கினால், மறுகரை நாரைகள் வெறும் வெள்ளைப் பொட்டுகளாகிவிடும். ஆகவே முழுப் படத்தோடு அதன் ஒரு மூலையை முழு அளவில் வெட்டி இணைக்கிறேன்; கீழே மாதம், நீர்மட்டம், காற்று, சாய்வு, திறந்த நேரம் ஆகியவற்றை எழுதுகிறேன். அடுத்தவர் பயணம் திட்டமிட உதவுவது இக்குறிப்புகளே என்பதால் மற்றவர்களும் இவற்றை எழுத வேண்டும் என்று உளமாரக் கேட்டுக்கொள்கிறேன். பறவைகள் கூடு கட்டும் இடங்களை மட்டும் நான் சொல்வதில்லை. நந்திக்கடல் கரையில் அங்குள்ளவர்களிடம் கேட்ட பின்பே கமராவை எடுக்கிறேன். 2009 மே மாதத்தை அங்கு கண்டவர்களுக்கு அது வெறும் காட்சி அன்று. வயலில் நிற்க இடம் தந்தவர்களுக்கு, நெகட்டிவைத் தாளோடு ஒட்டவைத்து அச்சிட்ட அதே 4×5 அங்குலப் படத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

அடுத்தது மன்னார் வீதிப் பக்கம் கட்டுக்கரைக்குளம். மாசி நடுப்பகுதியில் போக எண்ணியிருக்கிறேன். முருங்கன் கமக்காரர்களிடம் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று கேட்டறிந்த பிறகுதான் கமராவில் செருகும் ஹோல்டர் உறைகளில் பிலிம் ஏற்றுவேன்.