அந்த மேடு நோயாலா, நான் வைத்த அகலத்தாலா?

புற்றுநோய் வரைபடத்தில் ஒரு மேட்டை (நோய் மிகுந்ததாகத் தோன்றும் இடத்தை) காட்டினால் அங்கே குடியிருப்பவர்கள் அஞ்சுவார்கள். அதனால்தான் கெர்னல் அகலத்தை, அதாவது ஒவ்வொரு நோயாளியின் வீட்டைக் குறிக்கும் புள்ளியையும் எவ்வளவு தூரம் பரப்புவது என்பதை, மென்பொருளின் விருப்பத்துக்கு விட எனக்கு மனம் வரவில்லை.

எடுத்துக்கொண்டது இங்கிலாந்தின் லங்காஷயரில் உள்ள சோர்லி, தென் ரிபிள் பகுதித் தரவு. 1974 முதல் 1983 வரை குரல்வளைப் புற்றுநோய் கண்ட 58 பேர், ஒப்பிட நுரையீரல் புற்றுநோய் கண்ட 978 பேர், கைவிடப்பட்ட ஒரு கழிவு எரிஉலை. புள்ளியியலாளர் பீட்டர் டிக்கிள் 1990-இல் ஆராய்ந்த இத்தரவு R மென்பொருளின் ஸ்பாட்ஸ்டாட் தொகுப்பிலேயே கிடைக்கிறது. குரல்வளை நோயாளிகளின் அடர்த்திப் பரப்பை நுரையீரல் நோயாளிகளின் பரப்பால் வகுப்பதே என் வரைபடம்.

ஊர்களுக்குள் புள்ளிகள் நெரிசல், வெளியே ஒன்றிரண்டு. இப்படிப்பட்ட தரவுக்குப் புள்ளியியலாளர் ஆப்ராம்சனின் 1982 விதி கைகொடுக்கும்: அடர்த்தி கால்பங்கானால் அகலம் இரட்டிப்பாகும். ஆனால் அடர்த்தி தெரியாமல்தானே இந்தக் கணக்கே! எனவே முதலில் ஒரு முன்னோட்ட மதிப்பீடு. அதற்கு ஓர் அகலம். பிறகு மொத்தப் பரவலை ஆளும் பொது அகலம். இரண்டையும் ஒன்றென நினைத்து முதல் வாரத்தை இழந்தேன்.

அடுத்த வாரத்தை, தரவைக் கொண்டே அகலத்தைத் தேடும் குறைந்த வர்க்கக் குறுக்குச் சரிபார்ப்பு விழுங்கியது. தேடலின் கீழெல்லையை எங்கே வைத்தாலும் விடை அங்கேயே போய் ஒட்டிக்கொண்டது. காரணம் தரவில் இருந்தது: இருப்பிடங்கள் 100 மீட்டர் துல்லியத்துக்கு முழுமையாக்கப்பட்டவை, பல புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. ஒவ்வொன்றையும் 50 மீட்டருக்குள் தற்போக்காக நகர்த்திய பிறகுதான் விடை அசைந்தது. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

இன்னொரு பொறி எண்ணிக்கை. இருபரிமாணத்தில் உகந்த அகலம் புள்ளிகளின் எண்ணிக்கையின் ஆறாம் மூலத்துக்கு எதிர்விகிதத்தில் சுருங்கும். 58-க்கும் 978-க்கும் தனித்தனியே கணக்கிட்டால், எண்ணிக்கையால் மட்டுமே குரல்வளை நோயாளிகளின் அகலம் மற்றவர்களுடையதைப் போல் 1.6 மடங்காகிறது. அப்படிப் பெற்ற இரு பரப்புகளை வகுத்தால் பொய்யான பள்ளங்களும் மேடுகளும் எழும். ஆகவே 1036 புள்ளிகளையும் சேர்த்தே முன்னோட்டத்தைக் கட்டி, அதையே இரு தரப்புக்கும் வைத்தேன். பொது அகலத்துக்கு, தரவின் பரவலுக்கு ஏற்ற மிகப் பெரிய அகலத்தைத் தரும் டெரலின் அதிகபட்ச மென்மையாக்கல் விதி. அதுவும் சேர்த்த தரவில்தான்.

முன்னோட்ட அகலத்தைப் பாதியாக்கினாலும் இரட்டித்தாலும் வரைபடம் பெரிதாக மாறவில்லை. பொது அகலத்தைப் பாதியாக்கினால் எல்லாம் மாறிவிடுகிறது. எரிஉலைக்கு அருகே எழும் மேடு விரல்விட்டு எண்ணக்கூடிய குரல்வளை நோயாளிகளை நம்பி நிற்கிறது. இப்போது அவர்களை ஒவ்வொருவராக விலக்கி மீண்டும் வரைந்துகொண்டிருக்கிறேன்.